பிடி நழுவும் பைக்

கிளட்ச் வழுக்கினால் உடனே பிளேட்டை மாற்றுவது மும்பை வழக்கம். பல நேரம் குற்றவாளி ஒரு கேபிள்தான். அல்லது தப்பான ஒரு டப்பா ஆயில்.

எஞ்சின் அலறுகிறது, வண்டி அதே வேகத்தில் ஊர்கிறது. சயான் பக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில், முன்னால் போகும் பெஸ்ட் பஸ்ஸைத் தாண்டுவதற்காக ஆக்சிலரேட்டரைத் திருகிய நொடியில் இது நேர்ந்தால், பஸ்ஸுக்குப் பக்கவாட்டில் பாதி வழியில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பின்னால் வரும் லாரி டிரைவருக்குக் கிளட்ச் வழுக்குவது தெரியாது. அவர் கண்ணில் படுவது, தாண்டப் போய்த் தாண்டாமல் தடுமாறும் ஒருவர் மட்டுமே.

சாலையோர ஒர்க்‌ஷாப்புகளில் இந்தப் புகாருக்கு உடனடியாகக் கிடைக்கும் தீர்ப்பு இரண்டே சொல்: ‘பிளேட் கயா’. தீர்ப்பு பல நேரம் சரி. தவறிப்போகும் நேரங்களும் கணிசம். தவறினால் வண்டிக்காரருக்கு ஒரு நாள் பிழைப்பும், புது பிளேட் செட்டின் விலையும், கூலியும், ஒரு முழு ஆயில் மாற்றும் செலவும் போகும். பத்து நாளில் அதே வழுக்கலோடு அதே வாசலில் வந்து நிற்பார்.

இது யாருக்கு நேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாட்டுங்காவில் இருந்து அலுவலகத்துக்கு பைக்கில் போகிறவருக்கு வண்டி படுத்தால் லோக்கல் ரயில் இருக்கிறது. தாராவியிலிருந்து தோல் பையும் தைத்த துணியும் ஏற்றிப் போகிறவருக்கும், செம்பூரின் அடுக்குமாடிகளுக்கு உணவும் மளிகையும் கொண்டு போகிறவருக்கும் அந்த வசதி கிடையாது. முதுகில் தொங்கும் பையில் ஒரு பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். வண்டி பெரும்பாலும் அவருடையது, பெட்ரோல் அவருடையது, பழுதும் அவருடையதே. அவருக்கு கிளட்சைப் பற்றிய அறிவு பொழுதுபோக்கு அல்ல. அன்றாடக் கணக்கு வழக்கைச் சேர்ந்த விஷயம்.

கிளட்சுக்கு ‘உரசிணைப்பி’ என்று தமிழில் ஒரு கலைச்சொல் உண்டு. 90 அடி சாலையில் அதைச் சொன்னால் எந்த மெக்கானிக்கும் ஸ்பேனரைத் தூக்கமாட்டார். ஆனால் சொல் தவறில்லை. உரசி, இணைப்பதுதான் அதன் வேலை. எஞ்சினோடு எப்போதும் சுழலும் ஒரு கூடை; அதற்குள் கியர்பாக்ஸின் தண்டோடு சேர்ந்த ஒரு நடுமையம். கூடையைப் பிடித்துக்கொண்டு சில உராய்வுப் பிளேட்டுகள்; நடுமையத்தைப் பிடித்துக்கொண்டு சில இரும்புப் பிளேட்டுகள். இரண்டும் மாறி மாறி, அடுக்கிய தோசைகளைப் போல இருக்கும். வெளியிலிருந்து ஒரு பிரஷர் பிளேட்டை நான்கைந்து ஸ்பிரிங்குகள் அழுத்துகின்றன. அழுத்தம் இருக்கும்வரை அடுக்கு முழுவதும் ஒரே கட்டியாகச் சுழலும். கையில் லீவரைப் பிடித்தால் ஸ்பிரிங் விலகி, அடுக்கு தளர்ந்து, எஞ்சின் தனியே சுழலும்.

ஆக, பிடி என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: ஸ்பிரிங்கின் அழுத்தம், பிளேட்டுகளின் மேற்பரப்பு, அவற்றை நனைக்கும் எண்ணெய். இவற்றோடு நான்காவதாக, லீவரை விட்ட பிறகும் ஏதோ ஒன்று பிரஷர் பிளேட்டை விலக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்ற கேள்வி. வழுக்கலுக்கான காரணம் எதுவாக இருந்தாலும் இந்த நான்கில் ஒன்றில் அடங்கிவிடும். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி, செலவு கூடிய காரணத்துக்குப் போவதே முறையான சோதனை. மும்பையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

முதலில், வழுக்குவது கிளட்ச்தானா என்பதை உறுதி செய்ய வேண்டும். காலியான சாலையில், மேல் கியரில், 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுவதும் திறக்க வேண்டும். எஞ்சின் சத்தம் தாவி ஏற, வேகமானி மெதுவாகத் தொடர்ந்தால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமும் ஏறாமல், வேகமும் ஏறாமல் வண்டி முனகினால் கோளாறு எஞ்சினிலோ கார்புரேட்டரிலோ இருக்கிறது; கிளட்சைப் பிரித்துப் பயனில்லை. ‘கடக் கடக்’ என்று வெட்டி வெட்டிப் போனால், தேய்ந்த செயின் பல்சக்கரத்தின் மேல் தாவுகிறது. மேல் கியரில் இந்தச் சோதனையைச் செய்யக் காரணம் உண்டு. கீழ் கியரில் வண்டி சுலபமாக வேகமெடுத்துவிடும். மேல் கியரில் சக்கரம் அவ்வளவு எளிதில் இணங்காது. எஞ்சினின் முறுக்கு முழுவதும் கிளட்ச் மேல் விழும். பலவீனம் முதலில் அங்கேதான் வெளிப்படும்.

புல்லட் வைத்திருப்பவர்களுக்குச் சாலைக்குப் போகாமலே ஒரு தடயம் கிடைக்கும். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் கிக்கர் கியர்பாக்ஸ் வழியாக, கிளட்சைக் கடந்துதான் எஞ்சினைச் சுழற்றுகிறது. கிளட்ச் தளர்ந்திருந்தால் உதை வழுக்கிக்கொண்டு இறங்கும்; எஞ்சின் அசையாது. காலையில் நாலு முறை உதைத்தும் கால் சும்மா இறங்குகிறது என்று பிளக்கைக் கழற்றுகிறவர்கள் உண்டு. பாவம், பிளக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொரு எளிய சோதனை பின்சக்கரத்தில் இருக்கிறது. பிரேக் ஷூ சரியாக விடுபடாமல் டிரம்மை உரசிக்கொண்டிருந்தால், சரியான கிளட்சும் வழுக்கத் தொடங்கும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தெரியும். சிறிது தூரம் ஓட்டி வந்த பிறகு பின் ஹப் அருகே கை வைத்தாலே சூடு சொல்லிவிடும். டயரில் காற்று குறைவு, பின்னால் இரண்டு பேர், மடியில் ஒரு மூட்டை என்று கூடினாலும் இதே கதிதான்.

அடுத்தது கேபிள். கிளட்ச் லீவரின் நுனியை மெதுவாக அசைத்தால், கனம் தெரியத் தொடங்குவதற்கு முன்பு சிறிது வெற்று அசைவு இருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளின் கையேடு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை கேட்கிறது. இந்த அசைவே இல்லை என்றால், லீவரைத் தொடாதபோதும் கேபிள் பிரஷர் பிளேட்டைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அரைக் கிளட்சிலேயே ஊர் முழுக்கச் சுற்றுவதற்குச் சமம் அது.

இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. பிரேக் தேயத் தேய லீவரின் வெற்று அசைவு கூடும். கிளட்ச் நேர்மாறு, தேயத் தேய அசைவு குறையும். பிளேட்டுகள் மெலிந்ததும் பிரஷர் பிளேட் உள்ளே நகர்கிறது. நகர்ந்து, இடையில் இருந்த இடைவெளியைத் தின்றுவிடுகிறது. எனவே ஆறு மாதம் தொடாமல் விட்ட கிளட்ச், யாரும் முறுக்காமலே இறுகியிருக்கும். லீவர் ‘டைட்டாக, நன்றாக’ இருக்கிறது என்று வண்டிக்காரர் மகிழ்ந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் லீவர் முனையிலும் எஞ்சின் முனையிலும் உள்ள அட்ஜஸ்டர்களை நாலு சுற்று தளர்த்தினால், பிளேட் இன்னும் முழுமையாகக் கெடவில்லை என்றால், வழுக்கல் நின்றுவிடும். செலவு, ஒரு ஸ்பேனர் பிடிக்கும் நேரம். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் அசைவு மறைந்தால், கேபிள் தவறான வழியில் போகிறது.

மழைக்காலத்தில் கேபிள் இன்னொரு வழியிலும் காலை வாரும். உறைக்குள் நீர் இறங்கி, கம்பி துருவேறி, இழுத்தால் வரும். விட்டால் முழுவதும் திரும்பாது. கிங்ஸ் சர்க்கிளின் காந்தி மார்க்கெட் பக்கமும் சயானிலும் செம்பூரின் தாழ்வான தெருக்களிலும் ஆண்டுதோறும் முழங்கால் தண்ணீரில் வண்டி தள்ளுகிறவர்களுக்கு இது புதிதல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டிய நாள் போன்ற ஒன்றில் எஞ்சினே மூழ்கினால், கேபிளோடு நிற்காது. ஆயிலில் நீர் கலந்து பால் விட்ட காபியின் நிறத்துக்கு மாறும். அந்த ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றாமல் வண்டியை உதைப்பது கிளட்ச், பேரிங் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குழி வெட்டுவது.

கேபிள் சரி என்றால், அடுத்து எண்ணெய். மெக்கானிக்குகள் மிகக் குறைவாகச் சந்தேகிக்கும் குற்றவாளி இதுதான்.

எண்பதுகளின் நடுவில் இந்தியச் சாலைகளின் தோற்றத்தை மாற்றிய நூறு சி.சி. வண்டிகளில் இரண்டு ஜாதி உண்டு. 1985-ல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக். அதில் எஞ்சினுக்கான எண்ணெய் பெட்ரோலோடு எரிந்துபோகும்; கிளட்ச் தனியாக கியர் ஆயிலில் குளித்துக்கொண்டிருக்கும். அதே ஆண்டில் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 ஃபோர்-ஸ்ட்ரோக். அதில் எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய். இன்று சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த இரண்டாவது ஜாதி. பிஸ்டனுக்கு வழுக்க வேண்டும். கிளட்சுக்கு வழுக்கக் கூடாது. ஒரே எண்ணெய் இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது.

கார்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. காரின் கிளட்ச் எஞ்சின் ஆயிலில் நனைவதில்லை. எனவே எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் ரசாயனங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அவற்றை மோட்டார் சைக்கிளில் ஊற்றியபோது கிளட்ச் வழுக்கியது. இந்தத் தலைவலியிலிருந்து பிறந்ததுதான் ஜப்பானிய வாகனத் தரநிர்ணய அமைப்பான ஜாசோ 1998-ல் கொண்டுவந்த டி 903 என்ற தரம். ஃபோர்-ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிகளின் எண்ணெயை அது இரண்டு பிரிவாக்கியது. ‘எம்ஏ’ என்றால் உராய்வு கூடியது, எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது. ‘எம்பி’ என்றால் உராய்வு குறைந்தது. பின்னாளில் எம்ஏ பிரிவை எம்ஏ 1, எம்ஏ 2 என்று மேலும் பிரித்தார்கள்.

எம்பி யாருக்கு? கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு. அவற்றின் கிளட்ச் எண்ணெய்ப் பக்கமே போகாமல், பெல்ட்டோடு சேர்ந்து உலர்ந்த பெட்டிக்குள் இருக்கும். இப்போது மும்பையின் நடுத்தர வீட்டு வாசலை நினைத்துப் பார்க்கலாம். ஒரு ஸ்கூட்டர், ஒரு மோட்டார் சைக்கிள். கடையில் இரண்டு ஆயிலும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி டப்பாவில். மனைவியின் ஸ்கூட்டருக்கு வாங்கியதில் மீதி இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றிவிட்டால், அடுத்த வாரம் கிளட்ச் வழுக்கும். பிளேட்டின் மேல் எந்தத் தப்பும் இருக்காது. செம்பூரை ஒட்டிய மாஹுலில் 1954-ல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, இன்று இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் கையில், மசகு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயையும் தயாரிக்கிறது. எண்ணெய் பிறக்கும் ஊரிலேயே டப்பாவின் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படிக்க ஆளில்லை.

ஆகவே, வழுக்கல் எப்போது தொடங்கியது என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். கடைசி ஆயில் மாற்றத்துக்கு அடுத்த சில நாட்களில் என்று பதில் வந்தால், ஆயிலை வடித்து, சரியான எம்ஏ தர ஆயிலை ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கலாம். பல நேரம் பிடி திரும்பிவிடும். திரும்பாவிட்டால் பிளேட்டுகள் அந்தப் பழைய எண்ணெயை உறிஞ்சி, சூடேறி, பளபளத்துப் போயிருக்கும். கூடவே, ‘எஞ்சின் ஸ்மூத்தாகும்’ என்று சொல்லி விற்கும் சேர்மானப் புட்டிகளையும் மறந்துவிடுவது நல்லது.

வழுக்கலைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம், அது தானே தன்னை வளர்த்துக்கொள்வதுதான். வழுக்கினால் சூடு, சூட்டில் பிளேட்டின் மேற்பரப்பு கண்ணாடியாகும், ஸ்பிரிங் சோர்வடையும், இரண்டும் மேலும் வழுக்கலைக் கொண்டுவரும். சயான் ரயில் நிலையத்தை ஒட்டிய பழைய மேம்பாலம் மறுகட்டுமானத்துக்காக 2024 ஆகஸ்டில் மூடப்பட்டபோது, தாராவி வழியாகத் திரும்பிய நெரிசலில் சிக்கியவர்களுக்கு இது கைக்கணக்காகத் தெரிந்திருக்கும். பத்தடி நகர்ந்து நிற்பது, மறுபடி பத்தடி. நியூட்ரலுக்குப் போகாமல் லீவரைப் பாதி பிடித்துக்கொண்டே ஊர்வது மும்பையின் பழக்கம். கிளட்சின் ஆயுளைத் தின்பது கிலோமீட்டர் அல்ல. இந்த அரைப் பிடிதான்.

கேபிளும் எண்ணெயும் குற்றமற்றவை என்று தெரிந்த பிறகே எஞ்சினைத் திறக்க வேண்டும். அப்போது ‘பிளேட் கயா’ என்பது ஊகம் அல்ல, முடிவு.

பெரும்பாலான வண்டிகளில் வேலை வலது பக்கம். பழைய புல்லட்டில் இடது பக்கம். எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது ஆயிலை வடித்து, கிக்கரைக் கழற்றி, மூடியின் போல்ட்டுகளை எடுக்க வேண்டும். போல்ட்டுகள் ஒரே நீளம் அல்ல. ஓர் அட்டையில் மூடியின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைக்கும் மெக்கானிக் கெட்டிக்காரர். ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒரே மூச்சில் கழற்றாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பிரஷர் பிளேட் கோணி, அலுமினியத் தூண் உடையும். பிளேட்டுகளை எடுத்த வரிசையிலேயே அடுக்கி வைப்பதும் முக்கியம். சில வண்டிகளில் ஒரு பிளேட் மட்டும் மற்றவற்றைவிட வேறுபட்டது. இடம் மாறினால் கிளட்ச் தகராறு செய்யும்.

பிறகு பார்வை. உராய்வுப் பிளேட்டின் கனத்தை வெர்னியரால் மூன்று நான்கு இடத்தில் அளக்க வேண்டும். புதிதில் சுமார் 3 மி.மீ.; அதிலிருந்து கால் அல்லது அரை மில்லிமீட்டர் தேய்ந்தாலே பல வண்டிகளில் ஆயுள் முடிந்தது. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. விரல் நகத்தால் தடவிப் பார்த்துத் தீர்ப்பளிப்பவரை நம்ப வேண்டியதில்லை. கனம் இருந்தும் மேற்பரப்பு கறுத்துப் பளபளத்து, தீய்ந்த நாற்றம் அடித்தால் அதுவும் முடிந்த கதைதான். இரும்புப் பிளேட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அது கடும் சூட்டைக் கண்டிருக்கிறது. தட்டையான கண்ணாடியின் மேல் வைத்து, ஃபீலர் கேஜை அடியில் செருகிப் பார்த்தால் வளைவு தெரியும். மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு வளைவையே பல கையேடுகள் சகிப்பதில்லை.

அதிகம் மறக்கப்படுவது ஸ்பிரிங். பிளேட் புதிது, ஸ்பிரிங் பழையது என்று போட்டு அனுப்பினால், சில மாதங்களில் வண்டி திரும்பும். ஸ்பிரிங்குகளை மேஜை மேல் வரிசையாக நிறுத்தினாலே குட்டையானது தெரியும். கையேட்டில் உள்ள நீளத்தோடு அளந்து ஒப்பிட்டால் எல்லாமே குட்டையாகியிருப்பதும் தெரியும். ஒன்று குறைந்தாலும் செட்டாக மாற்றுவதே முறை. கூடையின் பற்களில் பிளேட்டின் காதுகள் மோதி மோதிப் பள்ளம் விழுந்திருந்தால், அது வழுக்கலைவிட, கியர் விழாமல் இழுப்பதற்குத்தான் காரணமாகும். ஆனாலும் திறந்த நேரத்தில் பார்த்துவிடுவது நல்லது.

சாலையோரத்தில் இரண்டு குறுக்கு வழிகள் புழக்கத்தில் உண்டு. ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் கொடுத்து அழுத்தத்தைக் கூட்டுவது ஒன்று. அன்று மாலை வீடு போய்ச் சேர அது உதவும். ஆனால் லீவர் கனத்துப்போகும், கேபிள் அறும், ஸ்பிரிங் சுருள்கள் முழுவதும் நசுங்கி ஒன்றோடொன்று முட்டினால் கிளட்ச் விடுபடவே விடுபடாது. மற்றது, பளபளத்த உராய்வுப் பிளேட்டை எமரித் தாளால் தேய்த்து மீண்டும் போடுவது. பளபளப்பு போகும், ஏற்கெனவே குறைந்த கனமும் சேர்ந்து போகும்.

இந்த இரண்டாவது வழியில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பழைய கிளட்ச், பிரேக் பொருட்களில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ப்பது உலகம் முழுவதும் வழக்கமாக இருந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. எண்ணெயில் ஊறிய பிளேட் தானாகத் தூசி கிளப்பாது. பெட்ரோலில் கழுவி, காயவைத்து, எமரியால் தேய்த்தால் கிளப்பும். எத்தனை காலத்துக்கு முந்தியது, யார் செய்தது என்று தெரியாத பிளேட்டைத் தேய்ப்பதும், பிரேக் டிரம்மின் தூசியை வாயால் ஊதுவதும் ஒர்க்‌ஷாப் பையன்களின் அன்றாட வேலை. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், யாரும் இதைக் கணக்கில் எழுதுவதில்லை. ஈரத்துணியால் துடைப்பதற்குக் காசு செலவில்லை.

திரும்பப் பூட்டுவது, கழற்றியதன் மறுபக்கம். புது உராய்வுப் பிளேட்டுகளை அந்த வண்டிக்கான ஆயிலிலேயே நன்றாக ஊறவைத்துப் போட வேண்டும். உலர்ந்த பிளேட் முதல் கிலோமீட்டரிலேயே கருகும். ஸ்பிரிங் போல்ட்டுகளை மறுபடி எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். இவை சின்ன போல்ட்டுகள். ‘இன்னும் ஒரு சுற்று’ என்ற ஆசையில் அலுமினியப் புரியைப் பிடுங்கிவிட்டால் செலவு இரட்டிப்பு. டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துப் புதிது போட்டு, ஆயிலை அளந்து ஊற்றி, கடைசியாக லீவரின் வெற்று அசைவைச் சரி செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டால் புது பிளேட்டும் முதல் நாளிலிருந்தே வழுக்கத் தொடங்கும்.

மெக்கானிக்குகளின் கைத்திறனைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் பழகிவந்த வண்டிகளே ஒன்றுக்கொன்று முரணானவை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிட்ச் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட், திருவொற்றியூரிலிருந்து வந்தது. அதன் கிளட்ச் தனிப்பெட்டிக்குள் தனி எண்ணெயில். மும்பையின் இரானிகள் மைசூரில் தொடங்கிய ஐடியல் ஜாவாவின் ஜாவா, யெஸ்டி வண்டிகளில் கியர் லீவரே கிக்கர். அதை மிதிக்கும்போதே உள்ளே ஒரு நெம்பு கிளட்சையும் விடுவிக்கும். அந்த நெம்பின் அளவு பிசகினால், கேபிளில் அசைவு இருந்தும் கிளட்ச் வழுக்கும். 1996-ல் அந்த ஆலை மூடிய பிறகும் யெஸ்டிகள் ஓடுவது, உதிரிப் பாகங்களை குர்லா சிஎஸ்டி ரோட்டிலும் சோர் பஜாரிலும் தேடிப் பிடித்துப் பொருத்தும் கைகளால்தான். எந்தக் கையேடும் இல்லாமல் ஒவ்வொரு ஜாதி வண்டியின் குணத்தையும் பார்த்தும் கேட்டும் கற்றவர்கள் அவர்கள். காதால் நோய் அறியும் அந்தத் திறமையோடு ஒரு வெர்னியரும் ஃபீலர் கேஜும் சேர்ந்தால், பிளேட்டைப் பற்றிய பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அந்த இரண்டு கருவிகளும் ஒரு பிளேட் செட்டைவிடப் பெரிய முதலீடு அல்ல.

அந்தக் கைகளுக்கு வேறொரு பிடியும் நழுவலாம். தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. எத்தனை சதுர அடி வீடு, யாருக்குத் தகுதி என்பதே பேச்சின் பெரும்பகுதி. மோட்டார் ஒர்க்‌ஷாப்புக்குத் தேவை சதுர அடி மட்டுமல்ல. தரைத்தளம், சாலையைப் பார்த்த வாசல், வண்டி நிறுத்த நாலடி இடம், கழிவு ஆயிலைக் கொட்ட ஒழுங்கான ஏற்பாடு. எட்டாவது மாடிக்கு யாரும் பைக்கைத் தள்ளிக்கொண்டு வரமாட்டார்கள். சாலையோரத்தில் ஒரு ஸ்பேனர் பெட்டியோடு இருப்பவர் எந்தப் பட்டியலில் வருவார் என்பது, அவரிடம் வண்டி விடும் ஆயிரக்கணக்கானவர்களின் கேள்வியும்கூட.

வண்டிக்காரர் தன் பங்குக்குச் செய்யக்கூடியது மூன்று. மாதம் ஒரு முறை லீவரின் அசைவைப் பார்ப்பது. ஆயில் டப்பாவில் ‘எம்ஏ’ என்ற எழுத்தைத் தேடுவது. பிளேட் மாற்றியதாகச் சொன்னால் பழைய பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் கேட்டு வாங்குவது. கடைசி வேண்டுகோளுக்கு நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ளமாட்டார். நீலம் பாய்ந்த இரும்பையும் கருகிய விளிம்பையும் காட்டி, எதனால் இப்படி ஆனது என்று அவரே விளக்குவார். காட்ட எதுவும் இல்லாதவரிடம், அடுத்த முறை வண்டியை விடாமலிருப்பது நல்லது.